வேலைநாள் ராத்திரிக்கு எந்த பேக்டு பாஸ்தா?

ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் ஏழரைக்குள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு பிள்ளைக்கு ஹோம்வொர்க், இன்னொன்றுக்குக் குளியல், ஆபீஸிலிருந்து கடைசி நேரத்தில் வந்து விழுந்த ஒரு மெயில். இதற்குள் ஓவனில் வைத்து எடுக்கும் பாஸ்தா எல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டால், நடக்கும் என்றுதான் சொல்வேன், ஆனால் எந்த பாஸ்தா என்பதைப் பொறுத்தது. பேக்டு பாஸ்தா என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து வெவ்வேறு சமையல்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவை, புதன்கிழமை கையில் எடுத்தால் அலுப்புதான் மிஞ்சும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் ஒப்பீடு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ரெசிபியின் தலையில் போட்டிருக்கும் மொத்த நேரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஐம்பது நிமிடம் என்று போட்டிருந்தால் அதில் எத்தனை நிமிடம் நீங்கள் கையில் கரண்டியோடு நிற்க வேண்டும் என்று பாருங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் முடியும் சமையலில் இருபத்தைந்து நிமிடமும் அடுப்பை விட்டு நகர முடியாது என்றால், வேலைநாளில் அது பெரிய சமையல். ஐம்பது நிமிடம் ஆகும் சமையலில் பத்து நிமிடம்தான் கைவேலை, மீதி நேரம் ஓவன் பார்த்துக்கொள்கிறது என்றால் அதுதான் சின்னச் சமையல், அந்த நாற்பது நிமிடத்தில் குளியலும் முடிந்துவிடும், கணக்குப் பாடமும் முடிந்துவிடும். அதனால் நான் பார்ப்பது மூன்றே விஷயம்: கைவேலை எவ்வளவு, சிங்க்கில் எத்தனை பாத்திரம் விழுகிறது, மறுநாள் பிள்ளைகளின் மதிய டப்பாவுக்கு அது தாங்குமா. ருசியைத் தனியாகக் கணக்கில் வைக்கவில்லை, ஏனென்றால் சரியாகச் செய்தால் இந்த வகைகள் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். இங்கே இத்தாலியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 1880களிலிருந்து 1920கள் வரை கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலானோர் நேபிள்ஸ், கலாப்ரியா, சிசிலி என்று தெற்கு இத்தாலியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஊரில் திருவிழாவுக்கும் ஞாயிறுக்கும் ஓவனில் வைத்த பாஸ்தா இங்கே வந்ததும், பால், சீஸ், இறைச்சி எல்லாம் மலிவாகக் கிடைத்த ஊரில், பெரிய ட்ரேயில் தாராளமாகச் செய்யும் பதார்த்தமாக மாறிவிட்டது. பட்டமளிப்பு விருந்தாகட்டும், துக்க வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சாப்பாடாகட்டும், அலுமினிய ட்ரேயில் பேக்டு ஜிட்டி, அதாவது ஜிட்டி என்ற குழல் பாஸ்தாவைத் தக்காளிச் சாஸும் சீஸும் போட்டு ஓவனில் வைத்தது, இல்லாமல் இருக்காது. நம் பிள்ளைகள் நண்பர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து அதையே கேட்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லசான்யாவை வார இறுதிக்கு விட்டுவிடுங்கள்

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அகலமான பாஸ்தாத் தாள்களை அடுக்கிச் செய்யும் லசான்யா. வேலைநாளுக்கு வேண்டாம் என்று நான் முதலில் தள்ளுவதும் இதைத்தான். வட இத்தாலியின் பொலோன்யா பக்கத்து முறைப்படி செய்தால் கீரை சேர்த்த பச்சை நிறத் தாள், பல மணி நேரம் கொதித்த இறைச்சிச் சாஸ், அதன் மேல் பெஷமெல் என்ற வெள்ளைச் சாஸ். நேபிள்ஸ் முறையில் ரிகோட்டா என்ற மென்மையான ஈரச் சீஸ், சின்னச் சின்ன இறைச்சி உருண்டைகள், அவித்த முட்டை எல்லாம் வைத்து, நோன்புக் காலம் தொடங்குவதற்கு முந்தைய கார்னிவல் நாட்களில் செய்வார்கள். இரண்டுமே விருந்துச் சமையல். அமெரிக்காவில் நாம் பார்க்கும் ரிகோட்டா லசான்யா நேபிள்ஸ் வழியில் வந்தது.

வேகவைக்கத் தேவையில்லாத தாள்கள் கடையில் கிடைக்கின்றன, வேலை பாதியாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் அடுக்கும் வேலை குறைவதில்லை. சாஸ், தாள், ரிகோட்டா, மொசரெல்லா, மறுபடி சாஸ் என்று மூன்று நான்கு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் ரிகோட்டாவைத் தாளின் மேல் கிழியாமல் பரப்ப வேண்டும். அதன்பின் ஓவனில் ஐம்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம், வெளியே எடுத்ததும் குறைந்தது பதினைந்து நிமிடம் ஆறவிட வேண்டும், அவசரப்பட்டு வெட்டினால் அடுக்கு சரிந்து தட்டில் குழம்பாக ஓடும். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இன்னும் பதினைந்து நிமிடம் பொறு என்று சொல்வது ஞாயிறு மதியம் செல்லும், செவ்வாய் இரவு செல்லாது.

லசான்யா தரும் சுகம் அந்த அடுக்குகளை வெட்டி எடுக்கும்போது தெரியும் அழகில் இருக்கிறது. விருந்தினர் வரும் நாளுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வேலைநாளில் அந்த அழகைப் பார்க்க வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை.

மேக் அண்ட் சீஸ்: பிள்ளைகள் கேட்பார்கள், கை கேட்காது

மக்ரோனியைச் சீஸ் சாஸில் கலந்து செய்யும் இதை, டப்பாவில் வரும் மஞ்சள் பொடி மக்ரோனியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கிராஃப்ட் கம்பெனி அதை 1937இல் கொண்டுவந்தது, அடுப்பில் பத்து நிமிட வேலை, ஓவனுக்குப் போவதே இல்லை. நான் சொல்வது ஓவனில் வைத்து மேலே பொன்னிறமாக வரும் வகையை.

அதன் கதை பெரியது, கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் 1784இல் பாரிஸுக்குப் போனபோது தன்னிடம் அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற இளைஞரையும் கூட்டிக்கொண்டு போனார், அங்கே பிரெஞ்சுச் சமையல் கற்க வைத்தார். திரும்பி வந்தபின் ஹெமிங்ஸ் தன் தம்பிக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்து, அதற்கு ஈடாக 1796இல் விடுதலை பெற்றார், 1801இல் இறந்துபோனார். அதற்கு அடுத்த ஆண்டு ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்தபோது கொடுத்த ஒரு விருந்தில் மக்ரோனி பை பரிமாறப்பட்டதை விருந்துக்குப் போன ஒருவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இன்றும் கறுப்பினக் குடும்பங்களில் தேங்க்ஸ்கிவிங் அன்று மேக் அண்ட் சீஸ் யார் செய்கிறார்கள் என்பது முக்கியமான கேள்வி, எல்லோர் கையிலும் அதை ஒப்படைக்க மாட்டார்கள். அந்த மரியாதை சும்மா வந்ததல்ல.

ஏனென்றால் இதில் கவனம் வேண்டும். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் மக்ரோனிக்கு நாலு மேசைக்கரண்டி வெண்ணெய், அதே அளவு மைதா, நாலு கப் பால், ஒரு பவுண்டு சீஸ். வெண்ணெயில் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கட்டி தட்டாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேறு எதுவும் செய்ய முடியாது, போன் அடித்தாலும் எடுக்க முடியாது. அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸ் போட வேண்டும். கொதிக்கும் சாஸில் போட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்து, சீஸ் மணல் மாதிரி நறநறவென்று ஆகிவிடும். நன்றாக முதிர்ந்த செடார் மட்டும் போட்டாலும் பிரியும் ஆபத்து அதிகம், பாதிக்கு மான்டரே ஜாக் மாதிரி இளசான சீஸ் சேர்த்தால் வழவழப்பாக வரும். சீஸைத் துருவிய பையாக வாங்காமல் கட்டியாக வாங்கித் துருவுங்கள், பையில் வருவதில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் தடவியிருப்பார்கள்.

சரி, கடைசியில் சிங்க்கைப் பாருங்கள்: பாஸ்தா வேகவைத்த பானை, சாஸ் செய்த வாணலி, வடிதட்டு, துருவி, ட்ரே. மறுநாள் சூடு செய்தால் சாஸை பாஸ்தா குடித்துவிட்டிருக்கும், எண்ணெய் பிரிந்து நிற்கும், கொஞ்சம் பால் விட்டுக் கிளறினால் ஓரளவு சரியாகும். டப்பாவில் மதியம் வரை வைத்தால் அந்த வழவழப்பு போய்விடும்.

இதையே வேலைநாளில் செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 12 அவுன்ஸ் எவாப்பரேட்டட் மில்க் டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இனிப்பு சேர்த்த கண்டென்ஸ்டு மில்க் அல்ல, பார்த்து எடுங்கள். துருவிய சீஸில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவைப் புரட்டி, அந்தப் பாலோடு மெல்லிய சூட்டில் கலக்கினால் ஐந்து நிமிடத்தில் சாஸ் ஆகிவிடும். சுண்டிய பாலில் இருக்கும் புரதம் சீஸைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். வெண்ணெய் மைதா சாஸின் நெடுநேர ருசி இதில் இல்லை, ஆனால் வேலைநாளுக்கு இது போதும்.

ஃபெட்டா பாஸ்தா பற்றிக் கொஞ்சம்

2019இல் ஃபின்லாந்தில் தொடங்கி 2021 ஆரம்பத்தில் உலகம் முழுக்கப் பரவியது இது. ஒரு ட்ரேயில் செர்ரி தக்காளி அரை கிலோ, நடுவில் ஃபெட்டா என்ற உப்பான கிரேக்கச் சீஸ் 200 கிராம் கட்டி, மேலே ஆலிவ் எண்ணெய், பூண்டு, மிளகாய்த்தூள், 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 200 செல்சியஸில், அரை மணி நேரம். தக்காளி வெடித்து ஃபெட்டா குழைந்ததும் மசித்து, தனியாக வேகவைத்த பாஸ்தாவைக் கலந்துவிடுகிறோம். சரியாகச் சொன்னால் பாஸ்தா ஓவனுக்குள் போகவே இல்லை, சாஸ்தான் போகிறது.

கைவேலை ஐந்து நிமிடம், இதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் இது இரண்டு மூன்று பேருக்கான சமையல். ஃபெட்டாவின் புளிப்பும் உப்பும் சின்னப் பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது, மறுநாள் கெட்டியாகித் திரிந்த மாதிரி ஆகிவிடும். மேலே மொறுமொறுவென்ற சீஸ் ஓரம் இல்லாததால் அந்த ஆறுதலும் குறைவு. பிள்ளைகள் ஊரில் இல்லாத வாரத்தில் தாராளமாகச் செய்யுங்கள், உப்பு மட்டும் தனியாகப் போட வேண்டாம்.

ஜிட்டி ஏன் ஜெயிக்கிறது

என் வாக்கு பேக்டு ஜிட்டிக்கு. லசான்யாவில் இருக்கும் அதே தக்காளிச் சாஸ், ரிகோட்டா, மொசரெல்லா எல்லாம் இதிலும் இருக்கின்றன, அடுக்கும் வேலை மட்டும் இல்லை. குழல் பாஸ்தாவைச் சாஸோடு கிளறி ட்ரேயில் கொட்டினால் முடிந்தது. அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் இது கோபித்துக்கொள்ளாது, கால் மணி நேரம் தாமதமாகச் சாப்பிட்டாலும் கெட்டுப்போகாது. இத்தாலிய அமெரிக்கக் குடும்பங்களில் ஞாயிறு முழுக்கக் கொதித்த சாஸ் மிஞ்சினால் அதை வாரத்தின் நடுவில் ஜிட்டிக்குப் போட்டுவிடுவார்கள். கூட்டத்துக்குப் போடவும் மிஞ்சியதைத் தீர்க்கவும் பழகிய சமையல் என்பதால் வேலைநாளின் அவசரம் இதற்குப் புதிதல்ல.

ஜிட்டி என்ற குழல் கிடைக்கவில்லை என்றால் பென்னேயும் ரிகடோனியும் அதே வேலையைச் செய்யும். எனக்குக் கோடு போட்ட பென்னே இன்னும் பிடிக்கும், ஜிட்டியின் வழவழ உடம்பைவிட அதில் சாஸ் நன்றாக ஒட்டும்.

வழக்கமான முறை இப்படி. ஒரு பவுண்டு பாஸ்தாவை அட்டையில் போட்டிருக்கும் நேரத்தைவிட மூன்று நிமிடம் முன்னதாகவே வடித்துவிட வேண்டும், கடித்துப் பார்த்தால் நடுவில் இன்னும் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிய வேண்டும். மீதி வேகுதல் ஓவனில் நடக்கும். 28 அவுன்ஸ் நசுக்கிய தக்காளி டப்பாவில் பூண்டு, ஆலிவ் எண்ணெய், துளசி மாதிரி இருக்கும் பேசில் இலை போட்டுக் கொதிக்க வைத்த சாஸ், இல்லாவிட்டால் கடையில் விற்கும் மரினாரா என்ற தக்காளிச் சாஸ் 24 அவுன்ஸ் பாட்டில் ஒன்று, கூடவே பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கப். சாஸ் பார்ப்பதற்கு ரொம்ப அதிகம் மாதிரி, கிட்டத்தட்ட சூப் மாதிரித் தெரிய வேண்டும். பொங்கல் ஆற ஆற இறுகுவது போல பாஸ்தாவும் ஓவனுக்குள் சாஸை இழுத்துக்கொண்டே இருக்கும், உள்ளே போகும்போது சரியாக இருந்தால் வெளியே வரும்போது வறண்டிருக்கும். பேக்டு பாஸ்தா காய்ந்துபோனது என்ற புகார் எங்கே வந்தாலும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ரிகோட்டா 15 அவுன்ஸ் டப்பா ஒன்று, முழுக் கொழுப்புப் பாலில் செய்ததாகப் பாருங்கள், கொழுப்பு குறைத்தது ஓவனில் ரவை மாதிரி ஆகிவிடும். பலரும் ரிகோட்டாவை பாஸ்தாவோடு சேர்த்துக் கலந்துவிடுகிறார்கள், எல்லாம் இளஞ்சிவப்பாக ஒரே ருசியாகிவிடும். பாதி பாஸ்தாவைப் பரப்பி, அதன் மேல் கரண்டி கரண்டியாக ரிகோட்டாவை அங்கங்கே வைத்து, மீதி பாஸ்தாவால் மூடுங்கள். ஒரு வாயில் காரமான தக்காளி, அடுத்த வாயில் குளிர்ந்த பால் ருசி என்று மாறி மாறி வரும். ரிகோட்டா கிடைக்காத ஊரில் பாலைத் திரித்து, பன்னீர் மாதிரி அழுத்தி வைக்காமல், ஈரமாக இருக்கும்போதே எடுத்து உப்புப் போட்டால் நல்ல மாற்று.

மேலே மொசரெல்லா அரை பவுண்டு. தண்ணீரில் மிதக்கும் உருண்டை மொசரெல்லா வேண்டாம், ஈரம் கசிந்து ட்ரே குளமாகிவிடும். ஈரம் குறைந்த கட்டி மொசரெல்லாதான் இழுபடும், அங்கங்கே பழுப்புப் பொட்டும் விழும். 375 டிகிரி ஃபாரன்ஹீட், 190 செல்சியஸ், இருபத்தைந்து முப்பது நிமிடம். ஓரங்களில் சாஸ் குமிழியிட்டு, மூலையில் சீஸ் ட்ரேயோடு ஒட்டிக் கருகுவதற்குக் கொஞ்சம் முன் எடுத்துவிடுங்கள். அந்த மூலைத் துண்டுக்காக எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும்.

இதில் ஒரே குறை, பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைப்பது. அதற்கே பன்னிரண்டு நிமிடம், அப்புறம் வடிப்பது, பானை, வடிதட்டு கழுவுவது. அதனால் முன்யோசனை இல்லாத நாட்களுக்கு நான் சொல்வது இன்னொரு வழி.

வேகவைக்காத ஜிட்டி

பச்சைப் பாஸ்தாவை அப்படியே ட்ரேயில் கொட்டி ஓவனில் வைப்பது. முதலில் கேட்பவர்களுக்கு நம்பிக்கை வராது, ஆனால் கணக்கு எளியது. பானையில் இருந்தாலும் ட்ரேயில் இருந்தாலும் பாஸ்தா வேகத் தேவை தண்ணீரும் சூடும்தான். ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குல ட்ரேயில் ஒரு பவுண்டு பென்னே, 24 அவுன்ஸ் பாட்டில் சாஸ் முழுக்க, அதன்மேல் மூன்று கப் வெந்நீர், உப்பு, காய்ந்த ஆரிகானோ, ஒரு சுற்று ஆலிவ் எண்ணெய். பாட்டிலுக்குள்ளேயே வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் ஒட்டியிருக்கும் சாஸும் வந்துவிடும். பாஸ்தா எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருக்கும்படி அழுத்திவிட்டு, ஃபாயிலால் காற்றுப் போகாமல் இறுக்கமாக மூடுங்கள். இந்த மூடல்தான் முக்கியம், ஓர் ஓரம் திறந்திருந்தால் ஆவி போய் மேல் பாஸ்தா பல்லில் கடிபடும். 425 டிகிரியில், 220 செல்சியஸில், முப்பத்தைந்து நிமிடம்.

ஃபாயிலைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆவி அடிக்கும். உள்ளே பார்த்தால் தண்ணீராகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு கிளறு கிளறி, ரிகோட்டாவை அங்கங்கே செருகி, மொசரெல்லாவைத் தூவி, மூடாமல் இன்னும் பத்து நிமிடம். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டால் மிச்சத் தண்ணீரும் உள்ளே போய்விடும். கைவேலை மொத்தமாகப் பத்து நிமிடம் இருக்குமா, அவ்வளவுதான். கழுவ ஒரு ட்ரே, ஒரு கரண்டி.

குறை இல்லாமல் இல்லை. வெந்து வடித்த பாஸ்தாவின் பதம் இதில் கிடைக்காது, மாவுச்சத்து எல்லாம் சாஸிலேயே தங்குவதால் கொஞ்சம் குழைவாக இருக்கும். இத்தாலியப் பாட்டிகள் பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குழைந்த சோறு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இன்னொன்று, கோதுமைப் பாஸ்தாவுக்குத்தான் இந்த அளவு, பயறு, கொண்டைக்கடலை மாவில் செய்த பாஸ்தா இப்படிச் செய்தால் கரைந்து கூழாகிவிடும்.

கடையில் உறைந்த ட்ரேயாக விற்பதையும் கேட்பீர்கள். குடும்ப அளவு ட்ரே ஓவனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், உப்பு அதிகம், சீஸ் குறைவு. மேலே சொன்ன முறை அதைவிட வேகமாகவே முடிந்துவிடும்போது அதை வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

சைவம், காரம், சோம்பு

இத்தாலியச் சீஸ்களில் சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்மேசான் என்று நாம் சொல்லும் சீஸின் அசலான பார்மிஜானோ ரெஜானோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைப் போட்டுத்தான் திரிக்கப்படுகிறது, அதன் விதியே அப்படி. பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். மொசரெல்லா, செடார் வகைகளில் மைக்ரோபியல் அல்லது வெஜிடேரியன் ரென்னெட் என்று அச்சிட்டவை நிறையக் கிடைக்கின்றன. வெறும் என்சைம்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால் எது என்று அட்டையிலிருந்து சொல்ல முடியாது. பார்மேசானை விட்டுவிட்டு மொசரெல்லாவைக் கொஞ்சம் கூட்டி, உப்பையும் சரிக்கட்டிக்கொண்டால் ஜிட்டி குறைந்துபோகாது.

அப்புறம் காரம். இறைச்சி சாப்பிடுபவர்கள் இத்தாலியன் சாசேஜைத் தோலுரித்து உதிர்த்து வதக்கிச் சேர்க்கிறார்கள், ஜிட்டிக்கு அந்தத் தனி மணம் அதிலிருந்துதான் வருகிறது. அந்த மணத்தில் பெரும்பங்கு சோம்பு. அமெரிக்காவில் விற்கும் இத்தாலியன் சாசேஜின் அடிப்படை மசாலாவே சோம்புதான், நம் அஞ்சறைப்பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி சோம்பு, கொஞ்சம் சில்லி ஃப்ளேக்ஸ், நசுக்கிய பூண்டு நாலு பல், வாசனை வந்ததும் பொடியாக நறுக்கிய காளான் அரை கிலோவைப் போட்டு, தண்ணீர் எல்லாம் வற்றிப் பழுப்பாகும் வரை வதக்கிச் சாஸில் சேருங்கள். சாசேஜ் போட்ட ஜிட்டியின் வாசனை சைவமாகவே வந்துவிடும். வீட்டில் பாதிப் பேர் சைவம், பாதிப் பேர் அசைவம் என்றால் இது ஒன்றே எல்லோரையும் ஒரே ட்ரேயில் உட்கார வைக்கும்.

காய் எதுவானாலும் முதலில் வதக்க வேண்டும். சுக்கினி, காளான் இரண்டும் பச்சையாகப் போனால் ஓவனில் தண்ணீர் விட்டுவிடும். உறைந்த கீரை 10 அவுன்ஸ் பெட்டி ஒன்றை இளகவிட்டு, கைக்குள் வைத்துக் கடைசிச் சொட்டு வரை பிழிந்து ரிகோட்டாவில் கலந்தால் கீரை சாப்பிடாத பிள்ளைகளும் சாப்பிடுவார்கள்.

ஊரில் ஓடிஜி என்ற மேசை ஓவன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்ன ஓடிஜியில் ஒன்பதுக்குப் பதின்மூன்று ட்ரே நுழையாது. எட்டு அங்குலச் சதுர ட்ரேயில் எல்லாவற்றையும் பாதியாகச் செய்யுங்கள். மேல் கம்பி பக்கத்தில் இருப்பதால் சீஸ் சீக்கிரம் கருகும், மூடியை எடுத்தபின் கீழ்ச் சூட்டுக் கம்பியை மட்டும் போட்டுவிட்டு, கடைசி மூன்று நான்கு நிமிடம் மேல் கம்பியைப் போட்டால் போதும்.

அப்படியானால் எந்த நாளுக்கு எது

வாரம் முழுக்க முன்யோசனை இல்லாமல் ஓடும் வீடா, வேகவைக்காத ஜிட்டியோடு நின்றுவிடுங்கள். வேண்டிய பாஸ்தா, சாஸ் பாட்டில் இரண்டும் அலமாரியில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், மொசரெல்லாவும் ஃப்ரீஸரில் தாங்கும், ரிகோட்டா மட்டும் அன்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் வழக்கமான ஜிட்டியை இரண்டு ட்ரேயாகச் செய்துவிடுங்கள், ஒன்று ஃப்ரிஜ்ஜில் திங்கள் அல்லது செவ்வாய்க்கு, இன்னொன்று ஃப்ரீஸருக்கு. சுடாமலே அடுக்கி வைப்பதுதான் நல்லது. முன்கூட்டி அடுக்கும்போது பாஸ்தாவை இன்னும் ஒரு நிமிடம் முன்னதாக எடுங்கள், சாஸும் அரை கப் கூட இருக்கட்டும். ஃப்ரிஜ்ஜிலிருந்து நேராகப் போகிற ட்ரேக்கு (கண்ணாடி ட்ரே என்றால் முதலில் வெளியே வைத்துக் குளிர் போகட்டும்) மூடி வைத்து நாற்பது நிமிடம், திறந்து பத்து நிமிடம், மொத்தக் கைவேலை அன்றைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காமல் மிச்சத்தை ஃப்ரிஜ்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் வரும், டப்பாவுக்கும் நன்றாகத் தாங்கும். தெர்மாஸ் டப்பாவில் முதலில் கொதிக்கும் நீரை ஊற்றிவைத்து, கொட்டிவிட்டு, நன்றாகச் சூடு செய்த ஜிட்டியைப் போட்டால் மதியமும் சூடாகவே இருக்கும்.

பிள்ளை பிறந்தநாள், பரீட்சை முடிந்த வெள்ளிக்கிழமை, இப்படி நீங்களும் அவசரமில்லாமல் அடுப்பருகில் நிற்க முடிகிற நாளில் மேக் அண்ட் சீஸ் செய்யுங்கள், அந்தப் பத்து நிமிடக் கிளறலுக்கு முழுத் தகுதி அதற்கு உண்டு. லசான்யா விருந்தினருக்கு.

ஃப்ரீஸருக்குப் போகும் ட்ரே பற்றி இரண்டு எச்சரிக்கை மட்டும். கண்ணாடி ட்ரேயில் உறைய வைத்ததை நேராகச் சூடான ஓவனில் வைக்காதீர்கள், வெடிக்கலாம். முந்தின இரவே ஃப்ரிஜ்ஜுக்கு மாற்றி முழுக்க இளகவிட்டு, மறுநாள் ஓவன் சூடாவதற்குள் வெளியே எடுத்து வைத்துக் குளிர் போன பிறகு உள்ளே வையுங்கள். அலுமினிய ட்ரே என்றால் அந்தப் பயம் இல்லை, ஆனால் தக்காளிப் புளிப்பு அலுமினிய ஃபாயிலை அரித்துச் சின்னச் சின்ன ஓட்டை போடும், அதனால் மேலே முதலில் பார்ச்மென்ட் காகிதம், அதன்மேல் ஃபாயில். மூடியில் என்ன, எந்தத் தேதியில் செய்தது, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள், அன்று யார் முதலில் வீட்டுக்கு வந்தாலும் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்காமலே ஓவனில் வைத்துவிடலாம்.